டீச்சர் விழித்திருந்த நாட்கள்

மார்ச் 3
குடோன் — நினைவு திரும்பாதவர்கள் கிடக்கும் எங்கள் வார்டுக்கு மற்ற டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர். சரக்கு வரும், போகாது. பெரிய டாக்டர் இன்று முகத்துக்கு நேராகவே சொன்னார்: “செவிடன் காதுல சங்கு ஊதிட்டிருக்கீங்க.”
ஊதுகிறேன். மூன்றாம் கட்டில் டீச்சருக்கு நாளை முதல் புது மருந்து. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் நினைவு போனவள். எட்டு வருஷமாகக் கண் திறந்திருக்கிறது, பார்ப்பதில்லை. கணவர் சம்மதித்தார். “எழுந்துடுவாளா டாக்டர்?” என்று இரண்டு தடவை கேட்டார். ஆசையில் கேட்கிறார்.

மார்ச் 9
ஒன்றுமில்லை.

மார்ச் 14
பேசிவிட்டாள்! நர்ஸம்மா முகம் துடைக்கும்போது, “தண்ணி ஜில்லுனு இருக்கு” என்றாளாம். ஓடினேன். என்னைப் பார்த்தாள் — பார்த்தாள்! “குழந்தை எங்க? பையனா, பொண்ணா?”
“பொண்ணுதாம்மா” என்று நர்ஸம்மா மூக்கைச் சிந்தினார். பெரிய டாக்டர் என் கையைக் குலுக்கினார். இப்போது குலுக்குவார்.

மார்ச் 15
கணவர் வந்தார். கூடவே டீச்சரின் தங்கை, அந்தப் பெண் குழந்தை. டீச்சர் கையை நீட்டினாள். குழந்தையோ சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அம்மா, வீட்டுக்குப் போலாம்மா” என்றது.
அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது? தங்கைதான் உடைந்தாள். “நீ எழுந்திருக்கவே மாட்டேன்னு சொன்னாங்கக்கா. குழந்தைக்காகத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன்.”
சொன்னது யார்? நாங்கள்தான். இதே ஆஸ்பத்திரி.
வராந்தாவில் கணவர் என்னை மறித்தார். “இப்ப நான் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க.”
மாத்திரைச் சீட்டில் எழுதித் தருகிற விஷயமா இது?

மார்ச் 27
குழந்தையை அதற்கப்புறம் அழைத்துவரவில்லை. பள்ளிக்கூடமாம், சளியாம், பரீட்சையாம்.
டீச்சருக்கு மருந்து பிடிப்பது குறைகிறது. மத்தியானமே கண் செருகுகிறது. அளவைக் கூட்டினால் வலிப்பு வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன்.
“வரட்டும், கூட்டுங்க. அவ என்னை அம்மான்னு கூப்பிட வேணாம் டாக்டர். நான் யாருன்னு தெரிஞ்சா போதும்.”

மார்ச் 29
கணவர் மறுத்துவிட்டார். “அவளை இன்னும் கஷ்டப்படுத்தணுமா?”
பெரிய டாக்டரிடம் போனேன். “சார், அவங்களே கேக்குறாங்க.”
“அரைத்தூக்கத்துல கேக்குறதெல்லாம் செல்லாது. வம்பை விலைக்கு வாங்காதீங்க.”
கத்தியிருக்கணும். மேஜையைத் தட்டியிருக்கணும். “சரி சார்”னு வந்துட்டேன். தூ!

ஏப்ரல் 6
நாளெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான். “வந்தாளா?”

ஏப்ரல் 8
பேச்சில்லை. கண் திறந்திருக்கிறது, மறுபடி பார்ப்பதில்லை.

ஏப்ரல் 21
இன்று மூன்று பேரும் வந்தார்கள். இனிப் பயமில்லை போலிருக்கிறது. குழந்தையைக் கட்டில் வரைக்கும் விட்டார்கள். அது டீச்சரின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பியது.
“பெரியம்மாவுக்கு வலிக்குமா?”
“இல்லடா” என்றேன்.
டாக்டர் சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.