அடுப்பில் போட்ட சாரம்

அன்பு மகனுக்கு,

உன்னை மறியல் சிறையில் அடைத்து நாற்பது நாளாகிறது. கால்வலியால்தான் பார்க்க வரவில்லை என்று உன் தங்கச்சியிடம் சொல்லி அனுப்பினேன். அது பொய்.

கனிசியஸ் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்த அன்று காலை, நீ அவிழ்த்துப் போட்டிருந்த சாரத்தில் இரத்தம் கண்டேன். வலை அறுந்ததற்காக முதல்நாள் நீ அவனோடு சண்டைபிடித்தது நினைவில் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த உன்னை எழுப்பிக் கேட்காமல் அதை அடுப்பில் போட்டேன்.

எரியாத துண்டைப் பொலிஸ் எடுத்தபோது, "அம்மாவை விடுங்கோ, நான்தான் எரிச்சனான்" என்றாய். அது திருக்கை வெட்டிய இரத்தம் என்று நீ சொன்னதை அவர்கள் நம்பவில்லை. மீன் இரத்தத்தை யார் எரிப்பார்கள் என்று கேட்டார்கள்.

அன்று நீ குசினியில் வைத்த மீன் பறியை, உன்னைக் கொண்டுபோய் இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தேன். உள்ளே திருக்கைத் துண்டுகள் நாறிக் கிடந்தன. என் பிழை தெரிந்துவிடும் என்ற பயத்தில், யாருக்கும் சொல்லாமல் வீட்டு வளவில் புதைத்தேன்.

முப்பது வருடம் உன் அப்பாவின் சாரங்களில் மீன் இரத்தம் துவைத்தவள் நான். அன்று அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

நாளை நீதிமன்றத்தில் நான்தான் எரித்தேன் என்று சொல்லப்போகிறேன். ஏன் என்று கேட்பார்கள். என் பிள்ளை கொலை செய்துவிட்டான் என்று நம்பினேன் என்று உன் முன்னால் சொல்லவேண்டும். அதை நீ அங்கே முதன்முதலாகக் கேட்கக்கூடாது.

இப்படிக்கு,
உன்னை ஒரு வார்த்தை கேட்காத அம்மா