பதினைந்துக்குப் பின்னால் இருந்த புள்ளி

இன்று காலை அலுவலக மாடிப்படி ஏறும்போதே பன்னீர் திராட்சை மணம் வந்துவிட்டது. கீழே பேக்கிங் கொட்டகையில் முதல் வெட்டு இறங்கியிருந்தது. மேலே வந்து கணினியைத் திறந்தால், புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிற மென்பொருளில் எல்லாத் தோட்டத்து இனிப்புச் சராசரியும் முழு எண்ணாக நிற்கிறது. பதினைந்து, பதினாறு, பதினைந்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்திருப்பாய்.

நீ தேவதானப்பட்டி மாந்தோப்புக்காரி. நான் கம்பத்துத் திராட்சைக்காரி. சின்னமனூரில் இந்த விவசாயிகள் கம்பெனியின் கணினி வேலையை நாம் இருவரும்தான் கட்டி இழுத்தோம். "அணில் கடிச்சது போக மிச்சந்தான உங்க ஊர்ல" என்று நான் சீண்டினால், "அணிலுக்குத் தெரியும்டி ருசி" என்பாய். பதில் சொல்லாமல் விட்ட நாளே கிடையாது.

கொத்தின் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று என்று பழம் பிழிந்து இனிப்பு பார்ப்பது நம் கம்பெனி வழக்கம். பார்க்கிறவர்கள் "பதினாறு டிகிரி" என்று முழுசாகச் சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விடுவார்கள். அதனால் அட்டவணையிலும் அந்த இடத்தை முழு எண் என்றே வைத்தோம். அதன்மேல் நீ 'வியூ' என்கிற கணக்குத் திரை ஒன்று எழுதினாய். திறக்கும்போதெல்லாம் மூன்று அளவுக்கும் சராசரி போட்டுக் காட்டும். அது பதினைந்தரையைத் தொட்டால் அந்தத் தோட்டம் வெட்டுப் பட்டியலில் ஏறும்; தொடாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

மார்க்கையன்கோட்டைப் பெரியவர் போன் செய்த மத்தியானம் நினைவிருக்கிறதா? நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"ஏத்தா, வாயில வச்சா தேனா இருக்கு. டெஸ்டு எடுக்க வந்தவுகளும் நல்லாருக்குன்னுதான் சொல்லிட்டுப் போனாக. உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் புளிக்குதாக்கும்? மேக்க கருத்துக்கிட்டு வருது. மழை விழுந்தா அம்புட்டுப் பழமும் வெடிச்சுப் போகும்."

அந்த ஒரு வெட்டை நம்பித்தான் அவர் வருஷமே ஓடியது. அவருடைய அளவுகளை எடுத்துப் பார்த்தோம். பதினாறு, பதினாறு, பதினைந்து. மனக்கணக்காகவே பதினைந்தரைக்கு மேல் வருகிறது. வியூவோ பதினைந்து என்கிறது. முழு எண்களைக் கொடுத்தால் சராசரியையும் முழு எண்ணாகவே தருகிற குணம் நம் தரவுத்தளத்துக்கு. புள்ளிக்குப் பின்னால் வருவதைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடும்.

நான்தான் முந்திக்கொண்டு, வந்த விடைக்கு இரண்டு தசம இடம் வேண்டும் என்று எழுதினேன். திரையில் 15.00 வந்தது. மேலாளர் எட்டிப் பார்த்து, "அதான் புள்ளி வந்துருச்சுல்ல" என்று திருப்தியாகப் போய்விட்டார்.

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "கஞ்சிய வடிச்சுக் கீழ ஊத்திட்டு, பெறகு பெரிய பாத்திரத்தக் கொண்டாந்து வச்சா நெறையுமாடி?" என்றாய். என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாய். சராசரி போடுவதற்கு முன்பே ஒவ்வொரு அளவையும் தசம எண்ணாக மாற்றச் சொன்னாய். அதன் பிறகு விடைக்கு இரண்டு இடம் கொடுத்தாய். 15.67. பட்டியலில் அவர் தோட்டம் மேலே ஏறியது.

வெட்டுக்காரர்களுக்கு நீயே போன் போட்டாய். கடைசிப் பெட்டி கொட்டகைக்குள் வந்த பிறகுதான் மழை பிடித்தது. நாம் இருவரும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சாரலில் நனைந்தோம். "என்ன வேணும்ங்கிறத மொதல்லயே சொல்லிப்புடணும். போன பெறகு கேட்டா 15.00தான் கெடைக்கும்" என்றாய்.

அந்த வாக்கியத்தை நான் கணினிக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாழ்க்கையில எனக்குக் கெடைச்ச நல்ல கூட்டு நீதான்டி" என்றேன். உன் கண் நிறைந்தது. "ஏ ஆத்தா, நேரத்துக்குச் சொல்லிட்ட" என்றாய். உன்னை நினைத்து நான் அழுவதுண்டு. ஆனால் சொல்லாமல் விட்டது என்று எதுவும் இல்லை.

இன்று அந்தப் புது மென்பொருளின் வியூவை உன் முறையிலேயே திருத்திவிட்டேன். சராசரிகளெல்லாம் புள்ளிகளோடு எழுந்து வந்தன. உதிர்ந்து கிடந்த தோட்டங்கள் பட்டியலில் ஏறின.

மத்தியானம் மார்க்கையன்கோட்டைப் பெரியவர் படியேறி வந்தார். ஒவ்வொரு முதல் வெட்டின்போதும் செய்வதுபோல இரண்டு கொத்து கொண்டுவந்திருந்தார். "ஒனக்கு ஒண்ணு, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு" என்று மேசையில் வைத்தார். நீ போய்விட்டது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் வைக்கிறார்.

தலைப் பழம் எப்படியும் இனிக்கும், நுனிப் பழத்தைக் கேட்டால்தான் உண்மை தெரியும் என்று நீ எப்போதும் நுனியைத்தான் முதலில் கடிப்பாய். உன் கொத்தின் நுனிப் பழத்தை நான் கடித்தேன்.

நன்றாகப் பழுத்திருந்தது.