வானதிரனின் சித்தப்பா

மார்ச் 3, திங்கள்
முதலாளியம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே வில்லங்கம்தான். எங்கள் காமிக்ஸில் பறக்கும் வீரன் ‘வானதிரன்’ தொடரின் விற்பனை சரிகிறதாம். கதாசிரியரின் பலம், பலவீனம் இரண்டையும் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம்.

“அத வச்சுத்தான் அவர் இருக்கணுமா போகணுமான்னு முடிவு பண்ணுவேன். படத்துல பேச்சு பலூனுக்குள்ள வசனம் எழுதுறது நீங்கதானே, உங்களுக்குத் தெரியாததா?”

கதாசிரியர் என் மனைவியின் அண்ணன். அது தெரிந்தேதான் கேட்கிறார்!

மார்ச் 4
பலவீனம் மளமளவென்று வருகிறது. யாரைக் கொன்றோம் என்பதே மச்சானுக்கு நினைவிருப்பதில்லை. வானதிரனின் சித்தப்பா நாலாவது இதழில் செத்தார். ஒன்பதாவதில் செத்தார். பதினாலாவதில் வானதிரன் மடியிலேயே செத்தார். மூன்று முறையும் “ஆ!” எழுதியது நான்.

அப்புறம் அந்த வாய்! பாலத்திலிருந்து பஸ் விழுகிறது, பிடிக்கப் பறக்கிறவன் பதினேழு வரி பேசுகிறான். வில்லன்கள் அத்தனை பேருக்கும் உலகத்தை ஆள வேண்டும். ஆண்டு என்ன கிழிப்பார்கள் என்று ஒருத்தனாவது யோசித்திருக்கிறானா?

மார்ச் 5
மனைவி எட்டிப் பார்த்தாள். “அண்ணனுக்கு வேலை போச்சுன்னா பெட்டியோட நம்ம வீட்டுக்குத்தான் வருவான். யோசிச்சு எழுதுங்க.”

யோசித்தேன். பலம் எட்டாகப் பெருகிவிட்டது.

மார்ச் 6
பன்னிரண்டாவது இதழின் கடைசிப் படம். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வீடு திரும்பும் வானதிரன் சொல்வது ஒரே வார்த்தை: “பசிக்குதும்மா.” வாசகர்கள் உருகிய இடம். அதைத்தான் முதல் பலமாக எழுதியிருந்தேன்.

சரிபார்க்க மச்சானின் கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். அங்கே இருபத்திரண்டு வரி! “தாயே, விண்வெளியின் வெறுமையில்…” என்று தொடங்குகிறது. பலூனில் இடமில்லாமல் நான்தான் வெட்டியிருக்கிறேன். மற்றதையும் பார்த்தேன். எட்டில் ஆறு நான் வெட்டிய இடங்கள் – அப்போ இத்தனை நேரம் யாரைப் புகழ்ந்துட்டிருந்தேன்? என்னையேவா?

சொன்னால் மச்சான் வேலை போகும். சொல்லாவிட்டால் எனக்கு வயிறு எரியும். இப்பவே எரியுது.

மார்ச் 7
விடிந்ததும் மச்சானிடமே கொட்டிவிட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “தெரியும் மாப்ள. நீங்க வெட்டுவீங்கங்கிற தைரியத்துலதான் நான் நீட்டுறேன். அதையும் எழுதிக் குடுத்துடுங்க” என்றார்.

“உங்க வேலை?”

“சித்தப்பாவே ரெண்டு தடவ திரும்பி வந்துட்டார். நான் வரமாட்டேனா?”

உள்ளதை உள்ளபடி எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: உலகத்தைக் காப்பாற்றியவன் பசியோடு வீட்டுக்கு வருவான் என்று யோசித்தது அவர்தான், நான் இல்லை.

மார்ச் 10
இனிமேல் கதை எழுதுவது நான். பலூன் மச்சானுக்கு. முதலாளியம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார். உள்ளதை எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே வீட்டில் எனக்கு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை.

மார்ச் 12
மனைவி பேசிவிட்டாள். “நல்லாத்தான் எழுதுவீங்க” என்றாள்.

ஏப்ரல் 18
என் முதல் கதை மச்சானிடமிருந்து திரும்பி வந்தது. பஸ் விழும் இடத்தில் என் பத்தொன்பது வரியை அடித்துவிட்டு “பிடிச்சுட்டேன்!” என்று மட்டும் வைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

ஆறாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் மச்சானின் கோழிக் கிறுக்கல்:

“மாப்ள, சித்தப்பா ஏற்கெனவே செத்துட்டார்.”