பூட்டிய கார்டுக்குள் உன் முகம்

அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன். அவ்வளவு சந்தோஷம்!

இன்று உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து உன் கேமரா பையை என்னிடம் கொடுத்தார். திறந்ததும் உப்புக்காற்றும் நீ பூசும் பவுடரும் கலந்த வாசனை. உள்ளே அந்த மெமரி கார்டு. எதையும் எழுதவோ அழிக்கவோ விடாத, ஓரத்திலிருந்த சின்னப் பூட்டு, காணும் பொங்கலன்று நான் தள்ளிவிட்ட இடத்திலேயே இருந்தது.

அன்று மாமல்லபுரம் கடற்கரையில் மணலே தெரியாத கூட்டம். வந்தவர்களையெல்லாம் நீ காசுக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தாய். நீ தண்ணீர் குடித்த நேரத்தில், உன் கேமராவிலேயே உன்னை எடுத்துவிட்டேன்.

"அய்ய, இன்னாடி இது? என் மூஞ்சிய எடுத்து கார்ட ரொப்பாத!" என்று பிடுங்கி அழித்தாய். வெயிலில் திரை தெரியவில்லை. ஒன்றை அழிக்கப் போய் மொத்தத்தையும் அழித்துவிட்டாய். செங்கல்பட்டுக் குடும்பத்தின் குழந்தை முதன்முதலாகக் கடலில் கால் வைத்த படமும் போயிற்று.

"அய்யோ நைனா, போச்சே!" என்று உட்கார்ந்தாய். உடனே எழுந்து, "அவங்கள மறுபடி நிக்க வெச்சு எடுத்துடறேன்" என்றாய்.

"வேணாங்க்கா! இன்னும் ஒரு படம்கூட எடுக்காத. அழிச்சது உள்ளதான் இருக்கும். புதுசு எடுத்தா அது மேல ஏறிடும். லைப்ரரி புக்குல படிச்சேன்."

"நான் கேமரா தூக்கினு அலையறேன், நீ புக்க தூக்கினு வந்து எனக்கு கிளாஸ் எடுக்குறியா?"

திட்டிக்கொண்டே கார்டைக் கழற்றி என் கையில் வைத்தாய். உன்னிடம் வேறு கார்டு இல்லை. வருடத்திலேயே பெரிய கூட்டம் கண்ணெதிரே போக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். "பேஜாரு புடிச்சவளே" என்று எனக்கும் சுண்டல் கொடுத்தாய்.

அழிந்த படங்களைத் தேடியெடுக்கும் மென்பொருளை வைத்து, என் அப்பாவின் கணினியில் மீட்டோம். கார்டில் எதையும் எழுதாமல், கிடைத்ததைக் கணினியிலேயே சேமித்தோம். குழந்தையின் ஈரக்கால் திரையில் வந்ததும் என்னைத் தூக்கிச் சுற்றினாயே! உன் படத்தையும் சேமிக்கலாமா என்று கேட்டதற்கு, "அத்த வுடு, அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாய். விட்டுவிட்டேன். ராசியில்லாத கார்டு என்று நீ அதை மறுபடி தொடவேயில்லை. புதுக் கார்டில், படங்களை இரண்டு இடத்தில் சேமித்து, திறந்து பார்த்த பிறகுதான் அழித்தாய்.

ஆடியில் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். ஊரையே எடுத்தவளுக்கு வீட்டில் ஒரு படமில்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். "இது யாரோ மாதிரி கீது" என்று உன் அம்மா அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

இன்று அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார்டைச் சொருகி, அதே மென்பொருளை ஓடவிட்டேன். பூட்டை எடுக்கவில்லை. முதலில் பாதி சாம்பல் நிறமாகிப்போன சில படங்கள். அப்புறம், அக்கா, நீ! கன்னம் நிறையத் தண்ணீர், ஒரு கண் மூடி, என்னை அடிக்க ஓங்கிய கை!

"இதான்! இதான் எம்பொண்ணு! அடிக்க வர்றா பாரு!" உன் அம்மா சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார்.

கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. இரண்டையும் திறந்து பார்த்துவிட்டேன். நாளை பிரிண்ட் போட்டதும் ஆதார் படம் இறங்கிவிடும். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, அடிப்பதென்றால் அடித்துக்கொள். கார்டு மட்டும், பூட்டியபடியே, என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும்.

வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள், இத்துடன் நிறுத்துகிறேன்.