எச்சில் மிட்டாய்

டிசம்பர் 27
கிறிஸ்துமசுக்கு வந்த கூட்டம் இன்று காலையில் ஹோம்ஸ்டேயைக் காலி செய்தது. ஆறு அறையையும் நான்தான் பெருக்கினேன். ச்சீ, என்ன மனுசங்களோ! முதலாளி ஜோபி சார் ஒவ்வொரு அறையிலும் ஒரு கிண்ணம் மிட்டாய் வைத்திருந்தார். பாதி சப்பிய மிட்டாயைத் திரும்பக் காகிதத்தில் சுற்றிக் கிண்ணத்திலேயே போட்டிருக்கிறார்கள். கட்டிலுக்கடியில் ஒன்று, அதில் தலைமுடி. முற்றத்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டதெல்லாம் காந்தலூர் பனியில் நசநசத்து, எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. வாளியில் அள்ளிக்கொண்டு குப்பைக்குப் போனேன். "களைய வேண்டா சேச்சி, அடுக்களையில வை" என்று தடுத்தார் ஜோபி சார்.

டிசம்பர் 28
எதற்கென்று இன்று தெரிந்தது. போனில் ஏதோ வீடியோ பார்த்தாராம். மிச்ச மிட்டாயை உருக்கி, பிரவுனி கேக் மாவில் ஊற்றிச் சுட்டு, புதுவருசத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். எச்சில் சார் அது, என்றேன். "உருகினா எல்லாம் ஒண்ணுதானே சேச்சி. அந்தச் சூட்டுல எந்தக் கிருமி இருக்கும்?" உங்க பிள்ளைக்குக் கொடுப்பீங்களா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. முட்டி தேய்ந்து, கொழுந்து எடுக்க முடியாமல்தான் இந்தச் சமையல் வேலைக்கே வந்தேன். இதுவும் போனால்? மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலை மேட்டில் ஏற வேண்டும்.

டிசம்பர் 29
செய்தேன். எறும்பைப் பொறுக்கினேன், முடியைப் பொறுக்கினேன். எச்சிலை எப்படிப் பொறுக்க? இரண்டு தடவை வெளியே போய் ஓங்கரித்தேன்.

டிசம்பர் 30
சென்னைக்காரம்மா ஒருத்தி மூன்று துண்டு தின்றுவிட்டு, "எப்படிங்க இவ்ளோ டேஸ்ட்டா?" என்றாள். கைப்பக்குவம்மா, என்று சிரித்தேன். சிரிச்சேனே! தூ, நானெல்லாம் ஒரு பொம்பளையா?

ஜனவரி 1
பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா கோயில் வாசலில் பெரிய தட்டு நிறைய அதே பிரவுனி. ஜோபி சார் எங்கள் எஸ்டேட் பிள்ளைகளுக்கென்று அனுப்பினாராம். உபதேசியார் சூசையப்பன் மைக்கைப் பிடித்து, "நம்ம இன்பமேரி அக்கா கையால செஞ்ச கேக்கு" என்கிறார். எல்லாரும் கை தட்டுறாங்க. பிள்ளைங்க வரிசையா நிக்குது. எடுத்துக் கொடுக்க நிக்கிறது யாரு? என் மக சோனா.

பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினேன். தின்னாதீங்கடா, எச்சி மிட்டாய்ல செஞ்சது, நான்தான் செஞ்சேன்னு கத்திட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சோனா கேட்டாள்: "தெரிஞ்சேதான் செஞ்சியாம்மா?"

ஜனவரி 2
ஜோபி சார் போன். "இனி வர வேண்டா சேச்சி." அவ்வளவுதான்.

ஜனவரி 5
எஸ்டேட் ஆபீசில் பேர் கொடுத்துவிட்டேன். முதல் நாளே முட்டி வீங்கிவிட்டது. தைலம் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 19
சோனா பிறந்தநாள். குக்கரில் மணல் பரப்பி ஒரு கேக் சுட்டேன். பக்கத்து வீட்டு சாந்தம்மாள் அக்காவுக்கு ஒரு துண்டு கொண்டுபோனேன். இருபது வருசமாக நான் எது கொடுத்தாலும் வாசலிலேயே வாயில் போடுகிறவள். இன்று தட்டை வாங்கி, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்னடி போட்ட?"

"மைதா, முட்டை, சீனி. வேற ஒண்ணுமில்லக்கா."

என் கண் முன்னாலேயே முழுத் துண்டையும் தின்றாள். நல்லாருக்குடி என்றாள். ஆனா கேட்டாளே.