கஸ்தூரி பேர் போட்ட இருநூறு டம்ளர்

அன்பும் பிடிவாதமும் ஜாஸ்தியான என் அண்ணிக்கு,

நேத்து பௌர்ணமி. உங்க டம்ளர்களை வெளியே எடுத்துட்டேன்! இதைச் சொல்லணும்னு காலையிலிருந்து தவிப்பு. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். நீங்க போய் இந்த எட்டு மாசத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

செங்கம் ரோட்டில் நம் வீட்டு வாசலில், பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறவர்களுக்கு மோர் கொடுத்தோமே, அப்போது நான் பேப்பர் கப் கட்சி. குடித்தார்களா, போட்டார்களா, வேலை முடிந்தது. மறுநாள் காலையில் நீங்கதான் சாக்கை எடுத்துக்கொண்டு, சாக்கடை ஓரம் குனிந்து குனிந்து கப் பொறுக்குவீங்க. ஒரு தடவை மாடு ஒன்று நம் கப்பை மென்றுகொண்டு நின்றது. அதை வாயிலிருந்து பிடுங்கி வந்து என் முன்னால் நீட்டினீங்க. "லதா, இது மோர் தானமா, குப்பை தானமா?"

நான் விட்டேனா? "இருநூறு டம்ளரை யாரு கழுவறது? எனக்கு ரெண்டு கைதான் அண்ணி."

அடுத்த வாரமே எவர்சில்வர் டம்ளர் இருநூறு மூட்டையாக வந்து இறங்கியது. கீழே போட்டாலும் நெளியாத கனம். பேர் வெட்டிய கடைக்காரர் 'உபயம்' என்று சேர்க்கட்டுமா எனக் கேட்டதற்கு, "அது போட்டா பிரசாதம் மாதிரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. வெறும் பேரு போடுங்க. அடுத்தவங்க பேரு இருந்தாதான் திருப்பித் தரணும்னு தோணும்" என்றீங்களாம். எல்லாவற்றிலும் 'கஸ்தூரி'. அதில் ஒரு வாய் மோர்கூட ஊற்றவில்லை, மூன்றாம் நாளே நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனீங்க, திரும்பி வரவே இல்லை. என்ன அவசரம் அண்ணி?

அண்ணன் அந்த மூட்டையை அவிழ்க்கவே விடவில்லை. "அதுல ஒண்ணு தொலைஞ்சாலும் என்னால தாங்க முடியாது லதா. நீ பேப்பர் கப்பே வாங்கிக்கோ." வாங்கினேன். மறுநாள் சாக்கோடு பொறுக்கியது யார் தெரியுமா? நான்தான். போன மாசம் அதே மாடு வந்து நின்றது, வாயில் நம் கப். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதான் நேத்து அண்ணனைக் கேட்காமலே மூட்டையைப் பிரித்துவிட்டேன்.

நேத்து மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். "நான் வரமாட்டேன்" என்று தன் ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்த அண்ணன், பத்து நிமிஷத்தில் வந்து காவல் நின்றார். குடிக்கிறவர் வாயையே ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் எப்படிக் குடிப்பார்? டம்ளரோடு நடையைக் கட்டினார்கள். ஆறரைக்கு எண்ணினால் நாற்பத்தொன்று காணோம். அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உங்களை இன்னொரு தடவை நானே தொலைத்துவிட்டேனோ?

அப்புறம் நடந்ததைக் கேளுங்க! மலையைச் சுற்றுகிற பாதை எங்கே போய் முடியும்? பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், அது என் மண்டையில் ஏறவில்லையே! நம் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் ஒரு சுற்று முடித்து நம் வாசலுக்குத்தானே திரும்பி வரணும்?

ஏழு மணிக்கு வேலூர்க்கார அம்மா ஒருத்தர் நொண்டிக்கொண்டே வந்தாங்க. முந்தானையில் முடிந்திருந்த டம்ளரை எடுத்து, "கஸ்தூரி அம்மா இருக்காங்களா? அவங்க கையில குடுக்கணும்" என்றாங்க.

அண்ணன் எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "என் சம்சாரம்தாங்க. குடுத்துடறேன்."

அதற்கப்புறம் ஒருத்தர் பின்னால் ஒருத்தர். ஆசிரமப் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர், பாதையோரம் கிடந்த ஆறு டம்ளரை அடுக்கி எடுத்து வந்து, எழுத்துக்கூட்டி "கஸ்... தூ... ரி" என்றார். அண்ணி, நேத்து உங்க பேரை எத்தனை வாய் சொன்னது தெரியுமா! இன்று காலையில்கூட மூன்று பேர் உங்களைத் தேடி வந்தாங்க.

எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தாச்சு. நானும் அண்ணனும் சேர்ந்து முக்கால் மணி நேரம். இதுக்கா உங்களோடு அத்தனை மல்லுக்கட்டினேன்? வாசலில் ஒரு கப் கிடையாது. மாடு வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனது.

ஆனால் நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் இருக்கு. ஒன்று வரவில்லை. பயந்துகொண்டேதான் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கிறார் அண்ணி!

"விடு லதா. அவ இன்னும் சுத்தி முடிக்கல."

இனி இந்த வாசலுக்குப் பேப்பர் கப் வராது, இது சத்தியம். கழுவுவது என் பாடு. அடுக்கில் ஒரு டம்ளருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். மெதுவாகவே வாங்க.

ரெண்டே கைதான் இருக்கிற,
உங்க நாத்தனார்
லதா