கோழிச் செட்டுக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்த கொலைகாரன்

புதுச்சத்திரம்,
ஞாயிறு சாயந்திரம்

அன்பு மகள் மைதிலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் தர்ஷனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இதைப் படித்து முடித்த பிறகும் நீ சுகமாக இருந்தால் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து அப்படியில்லைம்மா என்று ஆரம்பித்துவிடுவாய், காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

தாரிணி என்று பேர் மாற்றி வைத்துக்கொண்டு நீ எழுதிய மர்ம நாவலை நம் நூலகத்தில் சேர்த்துவிட்டு, எழுதியது யாரென்று மூச்சு விடாமல், ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னாய். அவர்களுக்குப் பிடித்தால்தான் இரண்டாவது புத்தகம், இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் பதிப்பகத்துக்கு முடியாது என்று சொல்லிவிடுவேன் என்றாய். இன்று காலை வாசகர் வட்டம் கூடியது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் அங்கே முன் நாற்காலி, தெரியுமல்லவா. எம்.ஏ. படித்த கந்தவேல் வாத்தியாரே என்னைக் கேட்டுத்தான் புத்தகம் எடுக்கிறார், எடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு முதல் பக்கத்தில் கொலைகாரன் பேரைப் பென்சிலால் எழுதி வைக்கிறார், படித்தவருக்கு அவ்வளவுதான் அடக்கம்.

மூன்று புதுப் புத்தகம் பேச்சுக்கு வந்தது. முதலாவது கொலைக்கதை, துப்பறிகிறவனுக்குப் பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள், சர்க்கரை இல்லாத காப்பியாகக் குடிக்கிறான், ஒவ்வொரு அத்தியாயமும் முடியும்போது அவன் போன் அடிக்கிறது, எடுத்தால் யாரும் பேசுவதில்லை. நானாயிருந்தால் நம்பரை மாற்றியிருப்பேன். அதில் வில்லன் லோடு லாரியில் சேலத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் பெங்களூர் போய்ச் சேர்கிறானாம். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மணியன் எழுந்து, "ஏனுங்க, தொப்பூர் கணவாய அவன் எங்க மடிச்சு வெச்சுட்டுப் போனானுங்க?" என்று கேட்டார், சிரித்து வயிறு வலித்தது. இரண்டாவது காதல் கதை, மலையூரில் ஒரு பெண் கேக்குக் கடை வைத்திருக்கிறாள், ஒருத்தன் மழைக்கு ஒதுங்குகிறான், இருநூறு பக்கம் இருவரும் ஒருவரையொருவர் தப்பாக நினைத்துக்கொண்டு அழுகிறார்கள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை நாலாம் பக்கத்தில் முடிந்திருக்கும். காலேஜ் படிக்கிற சௌந்தர்யா மட்டும் அருமையாக இருந்தது என்றாள். அவள் புத்தகத்தைப் படிப்பதில்லை, காதில் மாட்டி வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாள், அழுகையெல்லாம் அவளுக்குச் சீக்கிரம் கடந்துபோயிருக்கும்.

மூன்றாவது உன்னுடையது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மணியன் எடுத்த எடுப்பில், பாதிக் கதை வரைக்கும் போலீஸ்காரன் டீ குடிக்கிறதத் தவிர ஒண்ணும் பண்ணலீங்க என்றார். கந்தவேல் வாத்தியார், கடைசிப் பக்கத்தைப் படித்தும் கொலைகாரன் யாரென்று தமக்கு விளங்கவில்லை என்றார், அது உனக்குக் கெட்ட பேரா நல்ல பேரா என்று நீயே முடிவு செய்துகொள். அப்புறம் கந்தம்மாள் எழுந்தாள். நம் கோழிப்பண்ணையில் பன்னிரண்டு வருஷம் முட்டை பொறுக்கினாளே, அந்தக் கந்தம்மாள்தான், இப்போது பைபாஸ் பக்கத்துப் பண்ணையில் இருக்கிறாள். உன் கதையில் கொலைகாரன் வெளியூரிலிருந்து வந்து மூன்று நாள் கோழிச் செட்டுக்குள் ஒளிந்திருக்கிறான், யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய் அல்லவா. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெரியாத ஆளு ஒருத்தன் செட்டுக்குள்ள கால வெச்சா பத்தாயிரம் கோழியும் ரெக்கைய அடிச்சுக்கிட்டுக் கத்துமுங்க. நான் கலர் மாத்திச் சேல கட்டீட்டுப் போனாலே மறுநாளு பத்து அட்ட முட்ட கொறயும். இவன் மூணு நாளு படுத்துக் கெடந்தானாம், கோழியெல்லாம் தாலாட்டுப் பாடுச்சாக்கும். இத எழுதுன பொம்பள கோழியக் கொழம்புலதானுங்க பாத்திருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். சாமி, அதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டிருந்தவள்தான், உன் பேரைச் சொல்லமாட்டேன் என்று உனக்குச் செய்த சத்தியமும் ஞாபகத்தில்தான் இருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டேன். யாரப் பாத்துடி கொழம்புங்கற, அத எழுதுனது எம்பொண்ணு, கோழிப்பண்ணையிலயே பொறந்து வளந்தவ என்று கத்திவிட்டேன். சிரித்தவர்களெல்லாம் என் பக்கம் திரும்பினார்கள். கந்தம்மாள் மட்டும் அசையவில்லை. "ஏனுங்கக்கா, மைதிலிப் புள்ளயா? அத எங்கீங்க நீங்க செட்டுக்குள்ள உட்டீங்க? யூனிபாரத்துல நாத்தம் ஒட்டிக்கும்னு கேட்டுக்கு வெளியவே நிறுத்திப்போடுவீங்களே" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது நிஜம். கோழி வாசத்தோடு பள்ளிக்கூடம் போனால் பெரிய இடத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கும் என்று உன்னை அந்தப் பக்கமே அண்டவிடவில்லை, பத்து வயதில் ஹாஸ்டலிலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். உன் புத்தகத்தில் இருக்கிற அந்தத் தப்பு நான் செய்த தப்பு கண்ணு.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. உன் பேர் தெரிந்ததும் மணியனுக்குப் போலீஸ்காரன் டீ குடிப்பது யதார்த்தமாகத் தெரிந்தது. கந்தவேல் வாத்தியாருக்குக் கடைசிப் பக்கம் சட்டென்று விளங்கிவிட்டது, ஆழமான முடிவுங்கம்மா என்றார். சௌந்தர்யா உன்னோடு வீடியோவில் பேசவேண்டும் என்கிறாள். இவர்கள் உனக்குப் போனில் ஏதாவது சொன்னால் நம்பாதே, மேலே நான் எழுதியதுதான் அவர்கள் அபிப்பிராயம். கந்தம்மாள் ஒரு எழுத்துக்கூட மாற்றிச் சொல்லவில்லை. கிளம்பும்போது ஒரு காகிதத்தை என் கையில் திணித்தாள், உன் புத்தகத்திலுள்ள தப்புகளாம், பதினான்கு, பக்க எண் போட்டு எழுதியிருக்கிறாள். எட்டாவது என்னைப் பற்றியது. கதையில் வருகிற பண்ணைக்கார அம்மா எதற்கெடுத்தாலும் முந்தானையில் கண்ணைத் துடைக்கிறாள், முந்தானையெல்லாம் தீவனத் தூசாக இருக்கும், துடைத்தால் கண் போய்விடும் என்று எழுதியிருக்கிறாள். நானும் அதையேதான் சொல்ல நினைத்தேன், முப்பது வருஷம் பண்ணை நடத்தியவளை இப்படி மூலையில் உட்காரவைத்து அழவைத்திருக்கிறாயே, எனக்கு அழ நேரம் ஏது.

மற்ற இரண்டு புத்தகத்துக்கும் கந்தம்மாள் காகிதம் எடுக்கவில்லை. ஒன்றைப் பத்துப் பக்கத்தில் மூடிவிட்டாளாம், இன்னொன்றைத் திறக்கவே இல்லையாம். காலையில் ஐந்து மணிக்குத் தீவனம் போடப் போகிறவள் உன் புத்தகத்தை மட்டும் இரண்டு தடவை படித்திருக்கிறாள், திட்டுவதற்காகத்தான் என்றே வைத்துக்கொள். அதனால் மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்காமல், எழுதுகிறேன் என்று பதிப்பகத்துக்குச் சொல்லிவிடு. காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், கோபப்படாமல் பதினான்கையும் படி. தையில் வரும்போது கந்தம்மாள் உன்னைச் செட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள், நான் கேட்டில் நின்று தடுக்கமாட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, தர்ஷனுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடு, ராத்திரியில் அவனுக்குத் தயிர் போடாதே. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். நம் குலசாமி உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வைக்காது. நீயும் உன் எழுத்தும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
குஞ்சம்மாள்

மறந்துவிட்டேன், கந்தம்மாள் கேட்கச் சொன்னாள்: அடுத்த புத்தகம் எப்போது வரும்?